ஹனீபா நானாவுக்கு ஒரு பின்னேரக் கார்ட்

தம்பி,

இதை நான் ரெலிபோனில் சொல்லியிருக்கலாம். சொல்லத் தொடங்கினால் நீ "அம்மா, கூல் டவுண்" என்பாய், எனக்கு இன்னும் ஏறும், பிறகு நான் போனை வைத்துவிடுவேன். போன ஞாயிறு அப்படித்தான் நடந்தது. அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இதன் ஒரு பிரதியை ஸ்காபரோவில் எங்கள் மளிகைக் கடை வாசலில் சும்மா அடுக்கி வைக்கிற தமிழ்ப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். ஏன் ஊருக்குத் தெரியப்படுத்துகிறாய் என்று நீ கோபிப்பாய். கோபி. காரணம் கீழே இருக்கிறது, அதை வாசித்துவிட்டுக் கோபி.

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் அப்பாவும் உன் கலியாணம் சொல்ல வெளிக்கிட்டோம். எங்கள் ஆட்களுக்குக் கலியாணம் சொல்வது என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். புருசனும் பெண்சாதியுமாகப் போக வேண்டும், குங்குமமும் கார்டும் கையில் இருக்க வேண்டும், வாசலில் நின்று கொடுத்துவிட்டு ஓடி வரக்கூடாது, உள்ளே போய் இருந்து தேத்தண்ணி குடிக்க வேண்டும். லண்டனிலும் பாரிசிலும் இருப்பவர்களுக்குத்தான் தபாலில் அனுப்புவது. முதல் வீடு யாருடையது என்று அப்பா கேட்கவே இல்லை, நேரே எங்கள் பழைய கட்டடத்துக்குக் காரை விட்டார். குங்குமத்தை நான் கைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். அங்கே இருக்கிற ஹனீபா நானா முஸ்லிம், அவர் வீட்டில் அது தேவையில்லை. பிள்ளையார் படம் போட்ட சிவப்புக் கார்ட் மட்டும் என் கையில் இருந்தது. அவர் கதவைத் திறந்தார், முகம் முழுக்கச் சிரிப்பு. "ரீச்சர், தம்பியின்ர கார்ட் வந்திட்டுது" என்று குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பிரிஜ் கதவில், பீட்சாக் கடைக் காந்தத்துக்குக் கீழே, நீ அடித்த மற்றக் கார்ட் தொங்கியது. பின்னேர ரிசெப்சன் கார்ட். வெள்ளை நிறம், தங்க எழுத்து, முத்திரை ஒட்டித் தபாலில் வந்தது.

என் கையில் இருந்த சிவப்புக் கார்டை அவர் பார்த்தார். நான் அதை மடிக்குள் வைத்துக்கொண்டேன். தம்பி, என் வாழ்நாளில் அவ்வளவு கூச்சப்பட்டது இல்லை. அந்த வீட்டில் நடந்த மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன். வீட்டுக்கு வந்து உனக்குப் போன் எடுத்தேன். நீ என்ன சொன்னாய்? காலைத் தாலிகட்டுக் கோயிலுக்குள் நடக்கிறது, ஒரு முஸ்லிம் ஆள் அங்கே வந்தால் அவருக்கும் சங்கடம், மற்றவர்களுக்கும் சங்கடம், கோயில் தலைவர் உனக்குப் போன் எடுத்துப் பக்குவமாகச் சொன்னாராம், பெண் வீட்டுக்காரரும் பிரச்சினை வேண்டாம் என்கிறார்களாம், அதனால் பின்னேரம் மட்டும் கூப்பிட்டாயாம். கடைசியில் "இற்ஸ் நொட் எ பிக் டீல், அம்மா" என்றாய். அந்த வசனத்தைக் கேட்டுத்தான் நான் போனை வைத்தேன்.

சங்கடமாம். அந்தக் கோயில் எப்படி வந்தது என்று அந்தத் தலைவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், உனக்கும் தெரிந்திருக்க வேண்டும். எண்பத்தாறில் நாங்கள் வந்து இறங்கியபோது உனக்குப் பதின்மூன்று வயது. ரெக்ஸ்டேலில் அப்பாவின் சிநேகிதர் வீட்டு நிலக்கீழ் அறையில் இரண்டு மாதம் கிடந்தோம். வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடமெல்லாம் வேலைக் கடிதம் கேட்டார்கள், கனடாவில் முன்பு இருந்த வீட்டுக்காரரின் பெயர் கேட்டார்கள். வந்து அறுபது நாளான அகதிக்கு ஏது முன்பு இருந்த வீட்டுக்காரர்? ஸ்காபரோவில் அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்கு ஹனீபா நானாதான் சுப்பரின்டென்டன். குழாய் திருத்துவது, குப்பை எடுப்பிப்பது, யாருக்கு எந்த வீடு என்று மனேச்மென்ருக்குச் சிபாரிசு செய்வது எல்லாம் அவர். எழுபதுகளிலேயே யாழ்ப்பாணம் சோனகதெருவில் இருந்து கப்பல் வேலைக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தவர். அப்பாவின் வாயில் எங்கள் தமிழைக் கேட்டவுடன், படிவத்தில் முன்பு இருந்த வீட்டுக்காரர் என்ற இடத்தில் தன் பெயரையே எழுதினார். நாங்கள் நுழைந்த பிறகு அந்தக் கட்டடத்தில் நாற்பது தமிழ்க் குடும்பம் வந்தது. நாற்பதையும் உள்ளே எடுத்தது அந்த மனிதர். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனதும், அப்பாவின் அகதி விசாரணை அன்று கந்தோரில் மர வாங்கு ஒன்றில் இருந்தபடி ஐந்து மணித்தியாலம் காத்திருந்ததும், துணி தோய்க்கும் அறையில் ஆட்கள் விட்டுப்போன குளிர்க் கோட்டுகளைச் சேர்த்துவைத்து வீடு வீடாகக் கொடுத்ததும் அவர்தான். நீ முதல் குளிருக்குப் போட்ட நீலக் கோட்டு நினைவிருக்கிறதா?

கோயில் என்று நாங்கள் முதலில் கும்பிட்டது எதை? அந்தக் கட்டடத்தின் பார்ட்டி றூமை. பிறந்தநாள் கொண்டாடுகிற அறை அது. வெள்ளிக்கிழமைகளில் ஹனீபா நானா பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்து, எங்களுக்காக அந்த அறைக் கதவைத் திறந்துவிடுவார். மடிக்கிற மேசையில் மூன்று சாமிப் படம், ஒரு குத்துவிளக்கு. ஒருநாள் யாரோ கட்டி கட்டியாகக் கற்பூரத்தைக் கொளுத்தப் புகை எழும்பி, அலாரம் அடித்து, பன்னிரண்டு மாடிச் சனமும் வெளியே குளிரில் நின்றது. இரண்டு தீயணைப்பு வண்டி வந்தது. எங்கள் ஆம்பிளையள் எல்லோரும் ஒருவருக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள். ஹனீபா நானா முன்னே போய், தன் பிரியாணி அடிப்பிடித்துவிட்டது என்று தீயணைப்புக்காரரிடம் மன்னிப்புக் கேட்டார். அடுத்த வெள்ளி வந்தபோது அறைக்குள் மேசையை யன்னலோரம் இழுத்துப் போட்டு, ஒரு காற்றாடியும் வைத்திருந்தார். அப்போது நாம் எவ்வளவு சிரித்தோம். சிரித்தது நினைவிருக்கிறது, நன்றி சொன்னது எனக்கு நினைவில்லை.

இனி நான் சொல்லப் போவதைக் கவனமாக வாசி. தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் யாழ்ப்பாணத்தில் இருந்த முஸ்லிம் சனம் முழுவதையும் இரண்டு மணித்தியாலத்தில் வெளிக்கிடச் சொன்னார்கள். சொன்னது யார் என்று உனக்கும் தெரியும், இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களுக்கும் தெரியும். தமிழ் பேசுகிறவர்கள், தமிழ் பேசுகிறவர்களைத் துவக்கை நீட்டித் துரத்தினார்கள். ஹனீபா நானாவின் தங்கச்சியும் நாலு பிள்ளைகளும் உடுத்த உடுப்போடு போய்ப் புத்தளத்தில் ஒரு ஓலைக் கொட்டிலில் இருந்தார்கள். இந்தச் செய்தி எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். லிஃப்ட்டில் அவரோடு ஏறினோம், இறங்கினோம். குழாய் ஒழுகுகிறது என்று சொன்னோம். தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று ஒருவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் நாங்கள் ஒரு பதில் சொல்ல வேண்டி வரும் என்ற பயம் எனக்கு.

அதற்கு மூன்று கிழமைக்குப் பிறகுதான் கோயிலுக்கான கூட்டம். தொழிற்சாலைப் பகுதியில் ஒரு பழைய களஞ்சியத்தை எடுத்திருந்தோம். அதைக் கோயிலாக்க நகரசபை அனுமதி வேண்டும். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் மறித்தார்கள். வெள்ளிக்கிழமை கார்கள் றோட்டை அடைக்குமாம், சத்தமாம், மணமாம். எங்கள் தலைவர் வேட்டி சால்வையோடு முதல் வரிசையில் இருந்தார். எழும்பிப் பேசச் சொன்னபோது அவருக்கு இங்கிலீசு தொண்டைக்குள் நின்றுவிட்டது. பின் வரிசையில் இருந்து ஹனீபா நானா எழும்பினார். தான் இந்து இல்லை, முஸ்லிம் என்று சொல்லித் தொடங்கினார். இந்தச் சனத்துக்கு வீடு எரிந்துவிட்டது, ஊர் போய்விட்டது, கும்பிட ஒரு இடமாவது வேண்டும் என்றார். கார்களைப் பற்றிப் பயம் வேண்டாம், அதற்குத் தானே பொறுப்பு என்று தன் பெயரையும் முகவரியையும் சொல்லிவிட்டு இருந்தார். அனுமதி கிடைத்தது. நான் மூன்றாம் வரிசையில் இருந்து பார்த்தேன். தன் தங்கச்சியைத் துரத்தியவர்களின் இனத்துக்குக் கோயில் கேட்டு ஒரு மனிதர் அந்நிய பாஷையில் மன்றாடுகிறார், எங்கள் ஆட்கள் கை தட்டுகிறார்கள்.

அடுத்த வசந்தகாலத்தில்தான் நீ உன் சரித்திரக் கட்டுரையை எழுதினாய். நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. வெள்ளைச் சேட்டும் கறுப்புப் பெயர்ப் பட்டியுமாக, தங்கள் மதத்தைப் பரப்ப வந்த இரண்டு மோர்மன் பொடியள் கதவைத் தட்டினார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், அவர்கள் தொடவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் என் தேத்தண்ணியைத் தொடாததில் எனக்குப் பொல்லாத கோபம். அது அவர்களுடைய மதத்தில் விலக்கு என்று நீதான் விளக்கினாய். பிறகு மைலோ கரைத்துக் கொடுத்தேன். அவர்களோடு கதைத்த கதையில் ஆர்வம் வந்து, நூலகத்தில் புத்தகம் எடுத்து அவர்களுடைய முன்னோரைப் பற்றி எழுதினாய். அமெரிக்காவில் அந்தச் சனத்தை ஊர் ஊராகத் துரத்தினார்கள், வீடுகளை எரித்தார்கள், அவர்கள் மாட்டு வண்டில் கட்டிக்கொண்டு மேற்கே பாலைவனத்துக்குப் போய்க் குடியேறினார்கள் என்று குசினியில் நின்று எனக்குத் தமிழில் சொன்னாய். உன் கட்டுரை அவர்களைப் பற்றியதாகக்கூட இருக்கவில்லை. அவர்களுக்கு உதவிய ஒரு வெளியாளைப் பற்றியது. பட்டணத்துச் சட்டத்தரணி, மெலிந்த நோயாளி மனிதர், அவர்களுடைய மதத்தில் சேராதவர். தலைநகரத்தில் அவர்களுக்காக வாதாடினார். அரசாங்கம் அவர்கள்மேல் படை அனுப்பியபோது, கப்பலிலும் குதிரையிலுமாக அவ்வளவு தூரம் தானே போய், சண்டை வராமல் நடுவில் நின்று தடுத்தார். அவர்கள் அவரை மறக்கவில்லை, ஒரு மாவட்டத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள் என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னாய். ஏதோ உன் சொந்த மாமா மாதிரி.

அப்போது ஹனீபா நானா எங்கள் சிங்குக்குக் கீழே படுத்துக் குழாய் திருத்திக்கொண்டிருந்தார். நீ சொல்லி முடிந்ததும் தலையை வெளியே எடுத்து ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, அந்த மனிசனை அவரின்ர சொந்தச் சனம் என்ன சொன்னது?" புத்தகத்தில் பார்க்க வேண்டும் என்று நீ சொன்னாய். அவர் ஓம் என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார். எனக்கு அது சும்மா கேள்வியாகத்தான் பட்டது. பல வருடத்துக்குப் பிறகுதான் தெரிந்தது, "உன் தங்கச்சியைத் துரத்தினவனுக்கு நீ கோயில் பிடித்துக் கொடுக்கிறாயா?" என்று கேட்டு அவருடைய ஆட்களே அவரோடு பேச்சை விட்டிருந்தார்கள். பெருநாளுக்கு ஒருவரும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. அந்தப் பெருநாளில் அவர் எங்களுக்கு வட்டிலப்பம் கொண்டுவந்து தந்தார். எல்லாமாக மூன்று தட்டு. ஏன் இவ்வளவு என்று கேட்டேன், கூடச் செய்துவிட்டேன் என்றார். அதையும் சாப்பிட்டோம்.

உன்னை ஏசுகிறேன், என்னை ஏச ஆள் இல்லை என்று நினைக்காதே. உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கும்பாபிஷேகத்துக்குச் சிறப்பு மலர் அச்சடித்தோம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ரீச்சர் என்ற முறையில் பிழை திருத்தும் வேலையை என்னிடம் தந்தார்கள். நன்றி சொல்லும் பக்கத்தில் முதல் பெயர் அவருடையது. முதல் நிர்வாகத்தில் இருந்த ஒரு நல்ல மனிதர் கைப்பட எழுதி வைத்திருந்தார். தலைவர் வீட்டுக்கு வந்தார். "ரீச்சர், உவரின்ர பேர் இப்ப வேண்டாம். போட்டால் அங்க நடந்ததைப் பற்றிச் சனம் கேள்வி கேக்கும்" என்றார். சிவப்புப் பேனை என் கையில்தான் இருந்தது. நான் ஒரு கோடு போட்டேன். ஏன் என்று கேட்கவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. கோடு நேராக வந்திருக்கிறதா என்று பார்த்தேன், அது எனக்கு நல்ல நினைவு. பூமாலை தந்தவர், வாழைப்பழம் தந்தவர், ஒலிபெருக்கி தந்தவர் எல்லோரும் அந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். அனுமதி எடுத்துத் தந்தவர் இல்லை. உன்னைப் போல நானும் அன்று யாருக்கும் சங்கடம் வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அச்சில் வெட்டிய பெயரை அச்சிலேயே திருப்பி வைக்க வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதம் பத்திரிகைக்குப் போகிறது. தலைவர் வாசிக்கட்டும். மறுப்பு எழுத வேண்டும் என்றால் எழுதட்டும், அதையும் நானே பிழை திருத்திக் கொடுக்கிறேன்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மடிக்குள் வைத்த சிவப்புக் கார்டை நான் மறுபடி எடுத்து அவருக்கு நீட்டினேன். அவர் வாங்கவில்லை. காலையில் தனக்கு அலுவல் இருக்கும், பின்னேரம் கட்டாயம் வருவேன், புதுக் கோட்டும் தைக்கக் கொடுத்திருக்கிறேன் என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். எத்தனை மணிக்கு என்றுகூட அந்தக் கார்டில் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு அடக்க முடியாமல் போய், மலரில் பெயரை வெட்டியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார், அவருக்கும் அதுவரை தெரியாது. ஹனீபா நானா, தெரியும் ரீச்சர் என்றார். கும்பாபிஷேகத்தன்று மலரைத் தானும் ஒன்று எடுத்து வாசித்தாராம். எங்கே வைத்து வாசித்தீர்கள் என்று கேட்டேன். கார் பார்க்கிங்கில் வைத்து என்றார்.

தம்பி, அன்று முழுக்க அவர் அங்கேதான் நின்றிருக்கிறார். நகரசபைக் கூட்டத்தில் கார்களுக்குத் தான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தவர் அல்லவா? ஒறேஞ் நிற மேலங்கியைப் போட்டுக்கொண்டு, காலை ஐந்து மணியில் இருந்து கடைசிக் கார் போகும்வரை வெளியே நின்று, ஒரு கார்கூட றோட்டை மறிக்காமல் கை காட்டியிருக்கிறார். நாங்கள் பட்டுச் சீலை கட்டிக்கொண்டு காரை விட்டு இறங்கி அவரைக் கடந்து உள்ளே போயிருக்கிறோம். உள்ளே ஒலிபெருக்கியில் காளாஞ்சி மரியாதை வாங்க ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டது அவருக்கும் கேட்டிருக்கும். நான் அழுதேன். இனி அவர் சொன்னது என்னைச் சமாதானப்படுத்தத்தான், குத்திக் காட்ட அல்ல. குத்திக் காட்ட அவருக்குத் தெரியாது. "அழாதேங்கோ ரீச்சர். தம்பியின்ர கலியாணத்தண்டைக்கும் பார்க்கிங் பாக்க ஆள் வேணுமெண்டால் சொல்லுங்கோ, நான் வாறன்" என்றார்.

அந்த மோர்மன் சனத்துக்கு அவ்வளவு செய்த வெளியாளை அவர்கள் வாசலில் நிறுத்தவில்லை என்று அன்று குசினியில் நின்று பெருமைப்பட்டாயே, அந்தப் பிள்ளை எங்கே? உன் கட்டுரை என் பெட்டிக்குள் இருக்கிறது, உன் ரீச்சர் போட்ட 'A' புள்ளியோடு. அதன் பிரதியையும் இதற்குள் வைக்கிறேன்.

சனிக்கிழமை காலை நீயும் நீ கட்டப்போகிற பிள்ளையுமாக அவர் வீட்டுக்குப் போங்கள். சிவப்புக் கார்டைக் கையில் கொடு. உள்ளே போய் இருந்து, அவர் ஊற்றுகிற தேத்தண்ணியைக் குடி. அவர் வேண்டாம் என்பார். மூன்று தரம் வேண்டாம் என்பார், நாலாம் தரமும் கேள். அவருடைய தங்கச்சி இப்போது எப்படி இருக்கிறா என்றும் கேள், எட்டு வருடமாக நான் கேட்காததை நீயாவது கேள். அறுகரிசி போட்டு வாழ்த்தச் சொல்லியோ விபூதி பூசச் சொல்லியோ அவரைக் கஷ்டப்படுத்தாதே. அப்பாவுக்குப் பக்கத்தில் முன் வரிசையில் ஒரு கதிரை, அவ்வளவுதான். பெண் வீட்டாருக்கு நான் சொல்கிறேன். தலைவருக்கு இந்தக் கடிதம் சொல்லும்.

நீ போகாவிட்டாலும் உன் கலியாணத்துக்கு நான் வருவேன். பெற்ற பிள்ளையின் கலியாணத்துக்கு வராமல் இருக்க என்னால் முடியாது. ஆனால் அந்தக் கதிரையில் அவர் இல்லை என்றால், என்னை மணவறைக்குப் பக்கத்தில் தேடாதே. அவருடைய ஒறேஞ் மேலங்கியை ஞாயிற்றுக்கிழமையே கேட்டு வாங்கி வந்துவிட்டேன், தோய்த்து மடித்து வைத்திருக்கிறேன். பட்டுச் சீலைக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டு கார் பார்க்கிங்கில் நிற்பேன். உன் விருந்தாளிகள் ஒவ்வொருவராகக் கார் கண்ணாடியை இறக்கி, மாப்பிள்ளையின் தாய் ஏன் வெளியே நிற்கிறா என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் நான் முதலில் இருந்து சொல்வேன்.

அம்மா